தணலில் சுட்ட தக்காளியும் வீட்டுப் பாலாடைக்கட்டியும்

(பண்ணை ஒலிபரப்பில், தாய்மார்களுக்கான பகுதியில் நிகழ்த்திய பேச்சு)



தக்காளி போட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு மாசம் தங்கம் விற்கிற மாதிரி விற்கும். அடுத்த மாசம் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாது. ராயக்கோட்டை, பாலக்கோடு, ஒட்டன்சத்திரம், எந்தச் சந்தைக்குப் போனாலும் இதே கதைதான். இன்றைக்கு நான் பேச வந்தது சந்தை விலையைப் பற்றி அல்ல. அது என் கையில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. வீட்டுக்குள்ளே இருக்கிற தக்காளியையும் மாட்டு மடியில் இருக்கிற பாலையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாலே ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் எட்டுப் பெட்டித் தக்காளி அடுக்கியிருந்தது. சந்தைக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்த தக்காளி. வீட்டுக்காரர் சொன்னார்: "ஏலத்துல கேட்ட விலைக்கு வண்டி வாடகையே தேறலைங்க. ரோட்டு ஓரமா கொட்டிட்டு வர மனசு கேக்கல. மறுபடியும் ஏத்திக்கிட்டு வந்துட்டேன்." அதற்கு என்ன பதில் சொல்வது? சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தொழுவத்தில் இரண்டு கறவை மாடு நின்றது. திண்ணையில் இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு டம்ளர் கடுங்காப்பி. கையிலே கடையில் வாங்கின பொட்டலத் தீனி. "பிள்ளைங்களுக்குப் பால் கொடுக்கலியாம்மா?" என்று மருமகளைக் கேட்டேன். "சொசைட்டிக்கு ஊத்தினது போக மிச்சமிருந்தாத்தானேக்கா?" என்று அந்தப் பெண் சொன்னாள். அவள் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. பால் பணத்தில்தான் தவிடும் புண்ணாக்கும் வாங்க வேண்டும், கடன் தவணையும் கட்ட வேண்டும். ஆனாலும் வாசல் நிறையத் தக்காளி, தொழுவத்தில் மாடு, பிள்ளை கையில் கடுங்காப்பி என்கிற அந்தக் காட்சி எனக்கு மனசிலே தைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. மாமியாருடைய தம்பி குடும்பம். சோறு ஆக நேரமாகுமே, வந்தவர்களுக்கு முன்னாடி வாய்க்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று கடைக்கு ஆள் அனுப்பப் போனார்கள். நான் தடுத்தேன். "ஒரு லிட்டர் பாலும், அரைக் கிலோ தக்காளியும், ரெண்டு எலுமிச்சம்பழமும் கொடுங்க. நானே செய்து தரேன்" என்றேன். அன்று செய்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

எட்டுப் பெட்டித் தக்காளிக்கு இது வழியா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். இதில் அரைக் கிலோதான் போகும். ஊர் முழுக்கச் செய்தாலும் ஒரு பெட்டியோ இரண்டு பெட்டியோதான். விற்காத தக்காளிக்கு ஊறுகாய், வற்றல், சாந்து என்று வேறு வழிகள் உண்டு. அது இன்னொரு நாள் பேச்சு. இன்றைக்குச் சொல்வது வீட்டிலே இருக்கிறவர்கள் வயிற்றுக்கு.

முதலில் பாலாடைக்கட்டி. வடக்கே இதைப் பன்னீர் என்பார்கள். கல்யாண வீட்டில் தெளிக்கிற பன்னீர் என்று நினைத்துவிடாதீர்கள். பாலைத் திரியவைத்து, தண்ணீரை வடித்து எடுக்கிற கட்டி. வங்காளத்தில் ரசகுல்லாவும் சந்தேஷும் இந்த மாதிரித் திரித்த பாலில்தான் செய்கிறார்கள்.

திரித்த பால் என்று சொன்னதும் அந்த வீட்டுப் பாட்டிக்கு முகம் மாறிவிட்டது. "நல்ல பாலை யாராவது வேணும்னு கெடுப்பாங்களா? அதுவும் வெள்ளிக்கிழமை!" என்றார்கள். நம் ஊரில் பால் திரிந்தால் அபசகுனம் என்று ஒரு எண்ணம் உண்டு, நியாயந்தான். கெட்டுப்போய்த் தானாகத் திரிகிற பால் வேறு, நல்ல பாலைக் காய்ச்சி, சுத்தமான புளிப்பை விட்டு நாமாகத் திரிக்கிற பால் வேறு. "மாடு கன்னு போட்டதும் சீம்பால் காய்ச்சுறீங்களே பாட்டி, அதுவும் கட்டியாத்தானே ஆகுது? அதை ஊருக்கே பங்கு வைக்கிறீங்களே!" என்றேன். பாட்டி சிரித்துவிட்டார்கள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப நீயே ஊத்திக்கோ. என் கையால ஊத்த மாட்டேன்" என்றார்கள். சரி, நானே ஊற்றினேன்.

ஒரு லிட்டர் பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வையுங்கள். ஈயம் பூசாத பித்தளை வேண்டாம், புளிப்புப் பட்டதும் களிம்பு ஏறும். அலுமினியமும் வேண்டாம். அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்பிடித்த பாலின் தீய்ந்த வாடை கட்டியிலே வந்து உட்கார்ந்துவிடும், பிறகு எது போட்டாலும் போகாது. பால் நன்றாகப் பொங்கிக் கொதிக்கட்டும். கறந்த பச்சைப் பாலில் நேராகச் செய்யலாமே என்று நினைக்கக் கூடாது. மாட்டிடமிருந்து மனுஷருக்குத் தொற்றக்கூடிய நோய்க் கிருமிகள் பச்சைப் பாலில் இருக்கலாம். கொதித்தால்தான் சாகும். மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலையும், டாக்டர் சொன்ன நாள் கழிகிற வரைக்கும் இதற்கு எடுக்காதீர்கள். சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள், பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள்.

கொதித்ததும் இறக்கி வைத்து, ஐந்து நிமிஷம் சும்மா விடுங்கள். இந்த ஐந்து நிமிஷம் முக்கியம். நான் முதல் தடவை செய்தபோது அவசரப்பட்டு, தளதளவென்று கொதிக்கிற பாலிலேயே எலுமிச்சைச் சாற்றை ஒரேயடியாக ஊற்றிவிட்டேன். சாறும் தேவைக்கு மேலே போய்விட்டது. வந்த கட்டி ரப்பர் மாதிரி பல்லில் கீச்சென்றது. அதற்காகப் பாலை ஒரேயடியாக ஆறவிட்டாலும் சரிவராது. பொடிப்பொடியாகப் பிரிந்து, துணி வழியாகவே ஓடிவிடும். கை வைத்தால் சுடும், ஆனால் கொதி அடங்கியிருக்கும், அந்தப் பதம்.

இரண்டு நடுத்தர எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, விதை நீக்கி, சாறு அளவுக்கே தண்ணீர் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாலில் ஒரு கரண்டி விடுவது, மெதுவாகத் துழாவுவது, மறுபடி ஒரு கரண்டி விடுவது. தயிர் கடைகிற மாதிரி வேகமாகச் சுற்றக் கூடாது. கொஞ்ச நேரத்தில் பால் பூப்பூவாகப் பிரிந்துவரும். கீழே நிற்கிற தண்ணீர் பால்வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி விடுங்கள். லேசான பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்துவிட்டால் அதோடு நிறுத்துங்கள். எல்லாச் சாற்றையும் ஊற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. எலுமிச்சை விலை ஏறிக் கிடக்கிற காலத்தில், முந்தின தடவை வடித்த தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்தால் புளித்திருக்கும், அதையே ஊற்றலாம். நன்றாகப் புளித்த மோரும் ஆகும், கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

இது ஏன் இப்படிப் பிரிகிறது என்று அந்த வீட்டுப் பெரிய பையன் கேட்டான். ஏழாவது படிக்கிறவன். பாலிலே கேசின் என்கிற புரதச் சத்து கண்ணுக்குத் தெரியாத பொடி உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாக நிற்கிறது. புளிப்புப் பட்டதும் அந்தத் தள்ளுகிற குணம் போய்விடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாலில் உள்ள கொழுப்பையும் கையோடு பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 32 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு இந்தக் கேசின்தான். ஆகவே பாலின் சத்தில் பெரும்பகுதி கட்டியோடு வந்துவிடுகிறது. பால் சர்க்கரை பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். பால் குடித்தால் வயிறு ஊதிக்கொள்கிறது என்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இது ஒத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். சுண்ணாம்புச் சத்திலும் ஒரு பங்கு தண்ணீரோடு போகும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பழைய மெல்லிய வேட்டித் துணியைக் கொதிநீரில் அலசி, ஒரு பாத்திரத்தின் மேலே விரித்து, திரிந்த பாலை ஊற்றி வடியுங்கள். கீழே வடிகிற தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதற்கு வருகிறேன். துணியில் நிற்கிற கட்டியின் மேலே ஒரு செம்பு குளிர்ந்த குடிதண்ணீரை ஊற்றினால் எலுமிச்சைப் புளிப்புப் போய்விடும். பிறகு துணியை மூட்டையாகக் கட்டி, ஆணியிலோ உறியிலோ தொங்கவிடுங்கள். கால் மணி நேரம் அல்லது இருபது நிமிஷம், அவ்வளவுதான். மேலே அம்மிக் குழவியை வைத்து அழுத்தினால் கெட்டியாக, துண்டு போடுகிற மாதிரி வரும். குருமாவுக்கு அது சரி. நமக்கு வேண்டியது தடவுகிற மாதிரி மெத்தென்ற கட்டி. ஆகவே பாரம் வைக்காதீர்கள். ஒரு லிட்டர் பசும்பாலுக்கு 150 முதல் 180 கிராம் வரை கிடைக்கும். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், அதனாலே இன்னும் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

இறக்கிய கட்டியைத் தட்டில் போட்டு, அரைக் கரண்டி உப்பு, இருந்தால் ஒரு கரண்டி பாலாடை சேர்த்து, உள்ளங்கை அடியால் தேய்த்துப் பிசையுங்கள். முதலில் மணல் மணலாக இருக்கும். நாலைந்து நிமிஷம் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழவழப்பாகிவிடும். வறண்டு போனால், வடித்த தண்ணீரிலே ஒரு கரண்டி தெளித்துக்கொள்ளலாம்.

மூட்டை தொங்குகிற நேரத்திலே தக்காளியைச் சுட்டுவிடலாம். நன்றாகப் பழுத்த, ஆனால் கை வைத்தால் அமுங்காத பழமாக எட்டு, ஒன்பது எடுங்கள். நீர் அதிகமாக உள்ள நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ராஜா, ஆனால் தணலில் வைத்தால் ஒழுகிவிடும். சதைப்பற்றுள்ள பழம்தான் இதற்கு நிற்கும். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 உங்களில் பலர் பயிர் செய்து பார்த்திருப்பீர்கள். அன்னஞ்சி என்கிற உள்ளூர் ரகத்திலிருந்து உண்டாக்கியது அது. காம்புப் பக்கம் பச்சை தோள் இருக்கும், நன்றாகச் சிவந்த பழமாகப் பார்த்து எடுத்தால் சுடுவதற்கு ஏற்றது. இப்போது வருகிற முட்டை வடிவ வீரிய ரகங்களும் சரிதான். வெடித்த பழம், பூஞ்சணம் பிடித்த பழம் வேண்டாம். கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் போடலாம் என்று சிக்கனம் பார்க்காதீர்கள். பூஞ்சணம் வெளியே தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை, நீர் நிறைந்த பழத்தில் உள்ளே பரவியிருக்கும். மருந்து அடித்த வயல் என்றால் காத்திருக்க வேண்டிய நாள் கழிந்த பழமா என்று உங்களுக்குத்தான் தெரியும். விற்கிற பழத்துக்கும் அதே கணக்குத்தான்.

பழத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பக்கத்தில் கத்தி நுனியால் சின்னதாக ஒரு கூட்டல் குறி கீறுங்கள். கீறாமல் வைத்தால் உள்ளே ஆவி கட்டி, படீரென்று வெடித்துக் கையில் தெறிக்கும். மேலே இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவுங்கள். சோறு வடித்தபின் அடுப்பில் கங்கு இருக்குமே, அதுதான் வேண்டும். சுவாலை அடங்கி, மேலே லேசாகச் சாம்பல் பூத்த கங்கு. எரிகிற தீயில் காட்டினால் தோல் கரியாகும், உள்ளே பச்சையாக இருக்கும். கங்கின் மேல் ஒரு கம்பி வலை வைத்து அதில் பழத்தை அடுக்கி, நிமிஷத்துக்கு ஒரு தரம் திருப்பிவிடுங்கள். எட்டுப் பத்து நிமிஷத்தில் தோல் அங்கங்கே கறுத்து, சுருங்கி, வெடித்துவரும். கூடவே தோலோடு ஆறு பல் பூண்டையும், கீறின இரண்டு பச்சைமிளகாயையும் ஓரத்தில் வையுங்கள். கேஸ் அடுப்பு வைத்திருக்கிறவர்கள் பழத்தை இரண்டாக அரிந்து, எண்ணெய் தடவின தோசைக்கல்லில் வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஆறேழு நிமிஷம் அசைக்காமல் விட்டுத் திருப்பலாம். ருசியில் முக்கால் பங்கு வரும். அந்தக் கால் பங்கு கங்குக்குத்தான் சொந்தம்.

சுட்ட பழத்தை உடனே ஒரு சட்டியில் போட்டு மூடுங்கள். ஐந்து நிமிஷத்தில் அதன் ஆவியிலேயே தோல் கழன்றுவிடும். தண்ணீரில் போட்டு உரிக்காதீர்கள், சுட்ட வாசனையெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அங்கங்கே இரண்டு கறுப்புப் பொட்டு நின்றால் நிற்கட்டும். உரித்த பழத்தை, பூண்டு, மிளகாயோடு கையாலேயே ஒன்றிரண்டாக மசித்து, உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம் அரைக் கரண்டி, நறுக்கின கொத்துமல்லி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும். எண்ணெய் ருசிக்கு மட்டும் அல்ல. தக்காளிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற லைக்கோபீன் என்கிற பொருள், சூடுபட்டு எண்ணெயோடு சேரும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. வைட்டமின் சி சூட்டில் கொஞ்சம் குறையும். சாறு ரொம்ப விட்டிருந்தால் வடித்து ரசத்தில் சேர்த்துவிடுங்கள்.

அந்த வீட்டில் கேழ்வரகு ரொட்டிதான் தட்டினோம். மெல்லிசாகத் தட்டி, மொறுமொறுவென்று சுட்டு, நாலாக ஒடித்து, ஒவ்வொரு துண்டிலும் பாலாடைக்கட்டியை விரல் கனத்தில் பாதி அளவுக்குத் தடவி, அதன் மேலே ஒரு கரண்டி சுட்ட தக்காளி. அவ்வளவுதான். இத்தாலி தேசத்தில் சுட்ட ரொட்டியின் மேலே தக்காளியும் மெத்தென்ற பாலாடைக்கட்டியும் வைத்து, பெரிய சாப்பாட்டுக்கு முன்னாலே பசியைக் கிளப்பத் தின்கிறார்கள். நமக்குக் கேழ்வரகு இருக்கிறது, முறுகலான தோசை இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: பரிமாறுகிற நேரத்தில்தான் தடவ வேண்டும். முன்கூட்டியே தடவி வைத்தால் ரொட்டி ஊறி நமத்துப்போகும்.

விருந்தாளிகள் ஐந்து பேர், வீட்டார் ஆறு பேர். ஆளுக்கு இரண்டு துண்டு வந்தது. பாட்டியின் தம்பி, "இது எந்த ஓட்டல்ல வாங்கினது?" என்று கேட்டார். பாட்டி பதில் சொல்லவில்லை, தன் பங்கில் ஒரு துண்டை எடுத்துச் சின்னப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கழித்து மருமகளிடம், "துணியிலே ஒட்டியிருக்கிறதை வழிச்சுக் கொடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வடித்த தண்ணீருக்கு வருகிறேன். ஒரு லிட்டர் பாலுக்கு முக்கால் லிட்டருக்கு மேலே தண்ணீர் நிற்கும். அதில் பால் சர்க்கரையும், மீதமுள்ள புரதமும், தாதுக்களும் இருக்கின்றன. அந்தப் பச்சை மஞ்சள் நிறமே அதில் உள்ள ஒரு பி வைட்டமினால் வருவதுதான். ரொட்டி மாவு பிசைய, ரசத்தில் தண்ணீருக்குப் பதிலாக விட, உப்பும் பெருங்காயமும் போட்டு மோர் மாதிரிக் குடிக்க, எல்லாவற்றுக்கும் ஆகும். நம்மால் முடியாவிட்டால் அன்றைக்கே தவிட்டில் கலந்து மாட்டுக்கு வைக்கலாம். குட்டையிலோ கிணற்றோரத்திலோ நிறையக் கொட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். அது அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துவிடும், மீன் செத்து மிதக்கும்.

எத்தனை நாள் வைக்கலாம் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். பாலாடைக்கட்டி வெளியே வைத்தால் வெயில் காலத்தில் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இருந்தால் மூடிவைத்து மூன்று நாலு நாள். சுட்ட தக்காளியும் அப்படியே. இதில் ஒரு எச்சரிக்கை. பூண்டையும் தக்காளியையும் எண்ணெயில் முங்கவைத்து, பாட்டிலில் அடைத்து, ஊறுகாய் மாதிரி அலமாரியில் வைக்காதீர்கள். ஊறுகாயில் உப்பும் புளிப்பும் காவல் இருக்கிறது, இதில் அந்த அளவு இல்லை. காற்றுப் புகாத எண்ணெய்க்குள்ளே பூண்டிலிருந்து வருகிற ஒரு கிருமி வளர்ந்து, வாடையோ ருசியோ மாறாமலே கொடிய விஷத்தை உண்டாக்கிவிடும். வேண்டியபோது சுட்டு, வேண்டியபோது தின்பதுதான் இதற்கு முறை.

செலவுக் கணக்கை உங்கள் ஊர்ப் பால் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். தினமும் செய்யச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு லிட்டர். மற்ற நாளில் பிள்ளைகளுக்கு என்று காலைக் கறவையில் அரை லிட்டரைத் தனிச் செம்பில் எடுத்துவைத்துவிட்டுப் பிறகு சொசைட்டிக்குக் கொண்டுபோங்கள். கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் மிஞ்சாது.

ஆறு மாசம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். தக்காளி பிடுங்கிவிட்டு அவரை போட்டிருந்தார்கள். அரை லிட்டர் நிற்கிறதா என்று கேட்டேன். "நிக்குதுக்கா. இவரு மட்டும் பாஸ்புத்தகத்தைப் பார்க்கிறப்பல்லாம் முணுமுணுக்கறாரு" என்றாள் மருமகள். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார், மறுக்கவில்லை. பாட்டி உள்ளேயிருந்து, வெள்ளிக்கிழமை விட்டு வேறு நாளில் செய்வதாக ஏற்பாடு என்று குரல் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான்.

சொல்ல மறந்துவிட்டேன், வடிகட்டின துணியைச் சோப்புப் போட்டு ஊறவைக்காதீர்கள், அந்த வாடை அடுத்த தடவை கட்டியில் ஏறிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஒட்டினதை எல்லாம் அலசிவிட்டு, பிறகு கொதிநீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் காயவைத்து, அதற்கென்றே தனியாக மடித்து வையுங்கள்.